பாக்கெட்டில் 407: கேரஜீனனை அடையாளம் காண, அளந்து சமைக்க, அளவோடு சாப்பிட

சாக்லேட் பால், பாக்கெட் கிரீம், பாதாம் பால், ஐஸ்கிரீம், ஜெல்லி மிட்டாய். இவற்றில் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினால், பொடி எழுத்தில் ‘ஸ்டெபிலைசர் (407)’ என்று பல நேரம் இருக்கும். அந்த 407தான் கேரஜீனன். கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் பொடி. பாலில் கோகோ அடியில் தங்காமல் நிற்பதற்கும், ஐஸ்கிரீமில் தண்ணீர் தனியே பிரியாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

இதைப் பற்றி இரண்டு விதமான செய்தி சுற்றுகிறது. ‘குடலைப் புண்ணாக்கும், புற்றுநோய் வரும்’ என்பது ஒன்று. ‘கடல்பாசி, நூறு சதவீதம் இயற்கை, பயமே வேண்டாம்’ என்று பொடி விற்பவர்கள் சொல்வது இன்னொன்று. இரண்டிலும் எத்தனை மில்லிகிராம் என்ற பேச்சே வராது. எந்த வடிவில், எவ்வளவு, யார் சாப்பிடுகிறார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் இந்தப் பொருளைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. கீழே உள்ளவை முழுக்க அந்த மூன்றைச் சுற்றித்தான்.

முதல் படி: எந்தப் பாசி என்று தெளிவாகுங்கள்

நம் கடைகளில் ‘கடல்பாசி’ என்று கேட்டால் கிடைப்பது சைனா கிராஸ், அதாவது அகர். நோன்பு நாட்களில் ரோஸ் மில்க் நிறத்தில் வெட்டிவைக்கும் கடல்பாசி இனிப்பு அதில் செய்வதுதான். அகரின் எண் 406, கேரஜீனன் 407. இரண்டும் சிவப்புப் பாசியிலிருந்தே வருகின்றன, ஆனால் வேறு வேறு இனங்கள். அகருக்கு ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று மீனவப் பெண்கள் காலங்காலமாகக் கடலில் மூழ்கி எடுத்து வந்தார்கள். பழுப்புப் பாசிகளான கட்டைக்கோரை, பக்கோடா பாசி போன்றவை ஆல்ஜினேட் என்ற இன்னொரு கெட்டிப்படுத்தும் பொருளுக்குப் போகும். அந்தக் குடும்பத்துக்கு 400 முதல் 405 வரை எண்கள்.

கேரஜீனனுக்கான பாசி இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயர் கப்பாஃபைகஸ் அல்வரேசி. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது. 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி அங்கே அதைக் கயிற்றில் கட்டி வளர்க்கும் முறையை உருவாக்கினார். அதற்கு முன்பு உலகத்துக்குக் கேரஜீனன் வந்தது பெரும்பாலும் அயர்லாந்து, கனடா போன்ற குளிர்க்கடல் பாறைகளில் வளரும் ‘ஐரிஷ் மாஸ்’ பாசியிலிருந்து. அயர்லாந்துக்காரர்கள் அதைப் பாலில் வேகவைத்து வடிகட்டிப் புட்டிங் செய்து சாப்பிட்டுவந்தார்கள். இன்று இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும்தான் இந்தப் பாசிக்குப் பெரிய விளைநிலங்கள்.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்து பழக்கியது பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 2000களின் தொடக்கத்தில் பெப்சிகோ நிறுவனம் மண்டபம் பகுதியில் ஒப்பந்த முறையில் இதை வளர்க்க ஆரம்பித்தது. அதனால் ராமநாதபுரம் கரையோரத்தில் இதற்கு இன்றும் ‘பெப்சி பாசி’ என்றே பெயர். மூங்கில் மிதவையில் விதைத்துண்டுகளைக் கட்டிவிட்டால் ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு வரும். பல குடும்பங்களுக்கு இது நல்ல வருமானம் கொடுத்தது. அதே பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்துவிட்டதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள், அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இலங்கையில் வட மாகாணக் கரையிலும் இதே பாசியை வளர்க்கிறார்கள்.

இரண்டாம் படி: லேபிளைப் படியுங்கள்

இந்தியப் பாக்கெட்டில் சேர்மானப் பொருளை அதன் வேலையின் பெயரோடு (ஸ்டெபிலைசர், திக்கனர், ஜெல்லிங் ஏஜென்ட்) எண்ணாகவோ பெயராகவோ போட வேண்டும். ‘ஐ.என்.எஸ். 407’, ‘இ 407’, வெறும் ‘407’ எல்லாம் ஒன்றே. அதன் பக்கத்தில் ‘407ஏ’ என்று இருந்தால் அது பாதி சுத்திகரித்த வகை.

வித்தியாசம் தயாரிப்பில் இருக்கிறது. 407 செய்ய, பாசியைக் காரக்கரைசலில் சூடாக்கிக் கரைத்து, சக்கையை வடிகட்டி, தெளிந்த கரைசலிலிருந்து ஆல்கஹாலோ பொட்டாசியம் உப்போ சேர்த்துக் கேரஜீனனைப் பிரித்தெடுப்பார்கள். 407ஏவில் அப்படிக் கரைப்பதில்லை. பாசியைத் துண்டாகவே பொட்டாஷ் காரத்தில் வேகவைத்து, கழுவி, காயவைத்து அரைப்பார்கள். அதனால் செல்லுலோஸ் நார் உள்ளேயே தங்கிவிடும். விலை குறைவு, கரைசல் மங்கலாக இருக்கும். பாலிலும் இறைச்சித் தயாரிப்பிலும் அந்த மங்கல் தெரியாது, கண்ணாடி போன்ற ஜெல்லி வேண்டுமென்றால் தெரியும்.

இது தாவரப் பொருள் என்பதால் பச்சைப் புள்ளி உள்ள பாக்கெட்டில் வரலாம். ஜெலட்டின் மாட்டெலும்பிலும் பன்றித்தோலிலும் இருந்து வருவது. சைவ ஜெல்லி, ஹலால் ஜெல்லி என்று விற்பவற்றில் கேரஜீனன் இவ்வளவு பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

லேபிள் சொல்லாத விஷயம் அளவு. எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று எந்தப் பாக்கெட்டும் போடுவதில்லை. என்னைக் கேட்டால் இந்த விவாதத்தின் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் தொழிலில் வழக்கமாக எவ்வளவு போடுவார்கள் என்று தெரிந்தால் நாமே கணக்குப் போடலாம். அது பின்னால் வருகிறது.

மூன்றாம் படி: மூன்று வகைகளைப் பிரித்தறியுங்கள்

கேரஜீனன் என்பது ஒரே பொருள் இல்லை. கேலக்டோஸ் என்ற சர்க்கரை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி அது. அதில் ஒட்டியிருக்கும் சல்பேட் எத்தனை என்பதைப் பொறுத்து குணம் மாறும். சமையலுக்குத் தெரியவேண்டியது மூன்று வகை.

கப்பா. இரண்டு சர்க்கரைக்கு ஒரு சல்பேட். கெட்டியாக, விறைப்பாக உறையும், கத்தியில் சுத்தமாக வெட்டுப்படும். பொட்டாசியம் கிடைத்தால் இன்னும் கெட்டியாகும். உறைந்த பின் கொஞ்சம் தண்ணீர் விடும். பெப்சி பாசியில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அயோட்டா. இரண்டு சல்பேட். மென்மையாக, தளதளவென்று உறையும். இதற்குக் கால்சியம் பிடிக்கும். தண்ணீர் விடாது, ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலும் உடையாது. பற்பசையில் பசையைப் பிடித்து வைப்பதற்கும் இது போகிறது.

லாம்டா. மூன்று சல்பேட். உறையவே உறையாது, கெட்டிப்படுத்த மட்டும் செய்யும். குளிர்ந்த பாலிலேயே கரைவது இதன் வசதி.

கடையில் ‘கேரஜீனன் பவுடர்’ என்று மட்டும் போட்டு வகையைச் சொல்லாமல் விற்றால் வாங்காதீர்கள். கப்பாவுக்கான செய்முறையில் லாம்டாவைப் போட்டுவிட்டு விடியும்வரை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாலும் அது உறையப்போவதில்லை.

நான்காம் படி: வாங்குவதும் நிறுப்பதும்

உணவுத் தரம் என்றும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், வகையின் பெயரும், தயாரித்த தேதியும் இருக்கும் பாக்கெட்டாகப் பாருங்கள். ஆய்வகத்துக்கு விற்கும் பொடியும் தொழிற்சாலைக்கான பொடியும் சமையலறைக்கு வேண்டாம். பல பொடிகளில் சர்க்கரையோ பொட்டாசியம் உப்போ முன்கூட்டியே கலந்திருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வலிமை மாறுவதால் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யட்டும் என்று அப்படிக் கலப்பார்கள். புதிய பாக்கெட் வாங்கினால் சின்ன அளவில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விருந்துக்குச் செய்யுங்கள்.

அடுத்தது தராசு. இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஒரு லிட்டர் சாக்லேட் பாலுக்குத் தேவைப்படுவது கால் கிராமுக்குப் பக்கம். ஸ்பூன் கணக்கு இங்கே எடுபடாது. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போல ஆன்லைனில் கிடைக்கிறது, போதும்.

ஐந்தாம் படி: கரைக்கும் முறை

எல்லாச் செய்முறைக்கும் இது பொது.

பொடியை நேராகச் சுடுபாலில் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து வழவழப்பான கட்டியாகிவிடும். உள்ளே காய்ந்த பொடி அப்படியே இருக்கும், எவ்வளவு கிளறினாலும் உடையாது. அதனால் பொடியை அதைப்போல் பத்து மடங்கு சர்க்கரையோடு முதலில் உலர்வாகக் கலந்துகொள்ளுங்கள். பால் குளிர்ந்திருக்கும்போதே, மத்தாலோ விஸ்க்காலோ அடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே 80 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், ஓரத்தில் நுரைகட்டிப் பொங்கப்போகும் நேரம் அடையாளம். அந்தச் சூட்டில் இரண்டு நிமிடம் வைத்து இறக்குங்கள்.

இறக்கிய பிறகு தாமதிக்கக் கூடாது. கப்பா நன்றாகச் சூடாக இருக்கும்போதே, 40லிருந்து 60 டிகிரிக்குள் உறைய ஆரம்பித்துவிடும். அச்சு, கிண்ணம் எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும். சரியாக வரவில்லை என்றால் திரும்பச் சூடாக்கி உருக்கி மறுபடி உறையவைக்கலாம், அந்த வசதி இதில் உண்டு.

புளிப்பு விஷயத்தில் கவனம் தேவை. எலுமிச்சை, புளி, மாங்காய் எதுவானாலும் சூடும் புளிப்பும் சேர்ந்தால் கேரஜீனன் சங்கிலி அறுபட்டு வலிமை போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு, ஊற்றுவதற்குச் சற்று முன் சேருங்கள். தயிரிலும் மோரிலும் வீட்டில் முயல வேண்டாம், திரிதிரியாகப் பிரிய வாய்ப்புண்டு. அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினை உறையவிடாது, ஏனென்றால் அவற்றில் இருக்கும் என்சைம் புரதத்தைக் கரைக்கும். கேரஜீனன் புரதமே இல்லை, ஆகவே தண்ணீரில் செய்யும் ஜெல்லியில் அந்தப் பழங்களைத் தாராளமாகப் போடலாம்.

ஆறாம் படி: நான்கு செய்முறைகள்

பால் புட்டிங்கில் தொடங்கலாம். அரை லிட்டர் பாலுக்கு கப்பா 1.25 கிராம், சர்க்கரை 50 கிராம், ஏலக்காய். மேலே சொன்ன முறையில் கரைத்து ஐந்து கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உறையும். தண்ணீரை இந்த அளவுப் பொடி கெட்டியாக உறையவைக்காது. பாலில் முடிவது ஏன் என்றால், கப்பா பாலின் கேசின் புரதத்தோடு ஒட்டிப் பிணைந்து வலைபோல் ஆகிவிடுகிறது. கப்பா மட்டும் போட்டால் கொஞ்சம் விறைப்பாக வரும். பாதி கப்பா, பாதி அயோட்டா என்று மாற்றினால் ஸ்பூனில் வழுக்கும் பதம் கிடைக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

சாக்லேட் பாலுக்கு, ஒரு லிட்டர் பாலில் கப்பா 0.25 கிராம்தான். கோகோ, சர்க்கரையோடு சேர்த்துக் கலந்து 80 டிகிரிக்குச் சூடாக்கி, கிளறிக்கொண்டே ஆறவைத்துப் பாட்டிலில் ஊற்றுங்கள். குடிக்கும்போது கெட்டியாகத் தெரியாது, ஆனால் மறுநாளும் கோகோ அடியில் மண்டாது. அளவு இரட்டிப்பானால் பால் கொழகொழவென்று ஆகிவிடும். இந்த ஒரு செய்முறைக்காகவே தராசு வாங்கலாம்.

ஐஸ்கிரீமில் இதன் வேலை வேறு. வீட்டு ஐஸ்கிரீமுக்கு கெட்டித்தன்மை தர பலர் கொத்தவரைப் பிசின் (குவார் கம், 412) சேர்க்கிறார்கள். அதற்கும் பால் புரதத்துக்கும் ஆகாது. கலவையை வைத்துவிட்டால் தெளிநீர் தனியே பிரியும். ஒரு லிட்டர் கலவைக்கு குவார் 1.5 கிராம் போட்டால் அதோடு கப்பா 0.15 கிராம் சேருங்கள். அந்தத் துளிக் கேரஜீனன் பால் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நீர் பிரியாது.

நான்காவது, இளநீர் ஜெல்லி. கப்பாவுக்குப் பொட்டாசியம் பிடிக்கும் என்று சொன்னேன். இளநீரில் பொட்டாசியம் தாராளம். ஆகவே வெறும் தண்ணீரில் உறையவைக்கத் தேவைப்படும் அளவைவிடக் குறைவான பொடியிலேயே இளநீர் கெட்டியாகும். அரை லிட்டர் இளநீருக்கு கப்பா 2.5 கிராம், சர்க்கரை 25 கிராம். இளநீரில் உப்புச்சத்து இருப்பதால் பொடி கரையக் கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும், ஒரு கொதி வரட்டும். வழுக்கையைத் துண்டாக்கி அச்சில் போட்டு மேலே ஊற்றுங்கள். ரொம்ப விறைப்பாகப் பட்டால் அடுத்த முறை பாதி அயோட்டா.

கடையில் விற்கும் ஜெல்லி பவுடர் வேறு கதை. அதில் கேரஜீனனோடு லோகஸ்ட் பீன் கம், கோன்ஜாக் போன்ற வேறு கெட்டிப்படுத்தும் பொடிகள், பொட்டாசியம் உப்பு என்று ஏற்கெனவே கலவை இருக்கும். பாக்கெட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

எங்கே தவறும் என்று பார்க்கலாம். உறையவில்லை என்றால் வகை தவறு, அல்லது சூடு போதவில்லை, அல்லது புளிப்போடு கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் சரிசெய்யலாம், மூன்றாவது போனது போனதுதான். மேலே தண்ணீர் நிற்கிறதா? கப்பா அதிகம், அயோட்டா கலக்க வேண்டும். மணல் மணலாக இருந்தால் கரையவில்லை, திரும்பச் சூடாக்கி வடிகட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: பயத்துக்கு என்ன ஆதாரம் என்று பாருங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

‘கேரஜீனன் புற்றுநோய் தரும்’ என்ற பேச்சின் வேர் பாலிஜீனன் என்ற பொருளில் இருக்கிறது. கேரஜீனனைக் கடுமையான அமிலத்தில், 80 டிகிரிக்கு மேல், மணிக்கணக்கில் வைத்து நீண்ட சங்கிலிகளைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்தால் கிடைப்பது அது. எக்ஸ்ரே எடுக்கும் முன் குடிக்கக் கொடுக்கும் பேரியம் கரைசலில் அதைப் பயன்படுத்தினார்கள். விலங்குகளுக்கு அதிகமாகக் கொடுத்தபோது பெருங்குடலில் புண்ணும் கட்டியும் வந்தன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1983இல் இந்த உடைத்த வகையை ‘மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. உடைக்காத கேரஜீனனை வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்ற 3ஆம் பிரிவில் வைத்தது. ஒன்றின் தீர்ப்பை மற்றதன் மேல் எழுதியதுதான் பல கட்டுரைகளின் பிழை. பாலிஜீனன் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற பொருள் இல்லை.

அப்படியானால் வயிற்று அமிலம் இதே வேலையைச் செய்யாதா? நியாயமான கேள்வி. வயிற்றில் அமிலம் இருக்கிறது, ஆனால் சூடு 37 டிகிரிதான், உணவு அங்கே தங்குவதும் சில மணி நேரம். அப்படிப் பெரிய அளவில் பாலிஜீனன் உண்டாவதில்லை என்பதே உணவு முகமைகளின் முடிவு. அதோடு உணவுத் தரப் பொடியிலேயே உடைந்த சின்னத் துண்டுகள் எவ்வளவு இருக்கலாம் என்று ஐரோப்பாவில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது: மூலக்கூறு எடை 50,000 டால்டனுக்குக் கீழுள்ளவை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும்: ஆய்வகத்தில் எலிக்கு வீக்கம் உண்டாக்கவே கேரஜீனனைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று. உண்மைதான். வீக்கத்துக்கான மருந்துகளைச் சோதிக்க 1960களிலிருந்து எலியின் பாதத்தில் ஊசியால் செலுத்துகிறார்கள். ஆனால் ஊசியில் தோலுக்கு அடியில் போவதும் வாய்வழி போவதும் ஒன்றல்ல. பாலையே தோலுக்கடியில் செலுத்தினாலும் வீங்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் சொன்னதால் விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மனிதர்களிடம் நடந்த சில சோதனைகள் கவனிக்கத்தக்கவை. சிகாகோவில் நடந்து 2017இல் வெளியான ஒன்றில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் நாள்பட்ட நோய்) அடங்கியிருந்த 12 பேரைக் கேரஜீனன் இல்லாத உணவில் வைத்து, சிலருக்கு மட்டும் தினம் 200 மி.கி. கேரஜீனன் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களில் மூன்று பேருக்கு நோய் திரும்பியது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் யாருக்கும் திரும்பவில்லை. மிகச் சின்னச் சோதனை, ஆனாலும் நோயாளிக்கு அதை ஒதுக்கித்தள்ள மனம் வராது. 2024இல் ஜெர்மனியின் டூபிங்கனில், நலமான 20 ஆண்களுக்கு இரண்டு வாரம் தினம் 500 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் இன்சுலின் செயல்பாடு மாறவில்லை. உடல் எடை அதிகமுள்ளவர்களிடம் மட்டும் குறைவு தெரிந்தது. குடல் சுவரின் கசிவும் கூடியிருந்தது. அதே ஆண்டு பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தினசரி 100 மி.கி. கேரஜீனன் கூடும்போது இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 3 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். அது கூடவே நடப்பதைக் காட்டுகிறதே தவிர, காரணம் இதுதான் என்று நிரூபிக்காது. பாக்கெட் உணவு நிறையச் சாப்பிடுபவரின் தட்டில் கேரஜீனனோடு இன்னும் பல விஷயங்கள் இருக்கும்.

முகமைகள் என்ன சொல்கின்றன? உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உணவில் பயன்படும் அளவுகளுக்கு எண்ணில் உச்சவரம்பு தேவையில்லை என்ற நிலையில் இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொஞ்சம் இறுக்கியது. உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளைக்கு 75 மி.கி. என்று தற்காலிக வரம்பு வைத்து, மேலும் தரவு கேட்டது. அமெரிக்காவில் இயற்கை வேளாண் தரக்குழு 2016இல் இதை ஆர்கானிக் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது, அந்நாட்டு வேளாண் துறை 2018இல் அதை ஏற்காமல் தொடர அனுமதித்தது. இந்தியாவிலும் இது அனுமதிக்கப்பட்ட பொருள்தான்.

எட்டாம் படி: உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள்

60 கிலோ எடையுள்ளவருக்கு ஐரோப்பிய வரம்பு நாளைக்கு 4,500 மி.கி. 15 கிலோ குழந்தைக்கு 1,125 மி.கி.

மேலே சொன்ன அளவில் செய்த சாக்லேட் பால் 200 மி.லி. குடித்தால் 50 மி.கி. உள்ளே போகும். ஐஸ்கிரீம் ஒரு கப் அதைவிடக் குறைவு. பால் புட்டிங் 100 மி.லி. கிண்ணம் ஒன்றுக்கு 250 மி.கி. இளநீர் ஜெல்லி 100 கிராமுக்கு 500 மி.கி. தண்ணீரில் 0.8 சதவீதம் போட்டுச் செய்யும் ஜெல்லி என்றால் 100 கிராமுக்கு 800 மி.கி.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருப்பது ஒன்றுதான். எல்லோரும் திட்டும் பாக்கெட் பாலில் இருப்பது ஒரு துளி. ஆரோக்கியம் என்று நாமே வீட்டில் செய்யும் ஜெல்லியில்தான் அதிகம். சின்னக் குழந்தை இரண்டு கிண்ணம் தண்ணீர் ஜெல்லி சாப்பிட்டால் ஐரோப்பிய வரம்பைத் தாண்டிவிடுகிறது. சிகாகோ சோதனையின் 200 மி.கி. ஒரு கிண்ணப் புட்டிங்கைவிடக் குறைவு, டூபிங்கனின் 500 மி.கி. இரண்டு கிண்ணம். என்றாவது செய்தால் கவலைப்பட ஏதுமில்லை. தினமும் குழந்தைக்கு டிபன் பாக்ஸில் வைப்பதற்கு இது வேண்டாம்.

ஒன்பதாம் படி: யார் கவனமாக இருக்க வேண்டும்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் போன்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் 407, 407ஏ இரண்டையும் தவிர்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. அதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது, சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே உணவை மாற்றுங்கள்.

காரணம் தெரியாமல் வயிறு உப்புசம், கழிச்சல் என்று அவதிப்படுபவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூன்று வாரம் 407 இருக்கும் எதையும் தொடாமல், மற்ற உணவை மாற்றாமல், தினமும் எப்படி இருக்கிறது என்று எழுதி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் பால் புட்டிங் சாப்பிட்டுப் பாருங்கள். வெறும் பால் ஒத்துக்கொள்கிறதா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செய்த தொல்லைக்குக் கேரஜீனன் பழி சுமக்கும். ரத்தப்போக்கு, எடை குறைவு, இரவில் எழுப்பும் வயிற்றுவலி இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

கைக்குழந்தைக்கு நீங்களாக இதைக் கலந்து கொடுக்காதீர்கள். தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால்மா விஷயத்தில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துவரவில்லை. உலக நிபுணர் குழு 2014இல் லிட்டருக்கு 1,000 மி.கி. வரை கவலையில்லை என்றது. ஐரோப்பிய ஆணையமோ தன் வரம்பு 16 வாரத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று ஒதுங்கிக்கொண்டது.

அப்புறம், என் பார்வையில் இந்த முழுக் கட்டுரையிலும் மிக அவசரமான எச்சரிக்கை வேதியியலைச் சேர்ந்ததே இல்லை. ஒரே வாயில் உறிஞ்சும்படி சின்னக் கப்பில் வரும் ஜெல்லி இருக்கிறதல்லவா, அது குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாயில் உருகாது, வழுக்கும், மூச்சுக்குழாய் வடிவத்துக்கு அப்படியே படியும். பல நாடுகளில் குழந்தைகள் இறந்த பிறகு, 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சின்னக் கப் ஜெல்லிகளில் கேரஜீனன், அகர், ஆல்ஜினேட் உட்பட ஒரு நீண்ட பட்டியலையே பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. அதே பொருட்கள் மற்ற உணவில் தடையின்றித் தொடர்ந்தன. குழந்தைகளுக்கு ஜெல்லியைச் சின்னதாக வெட்டி, உட்காரவைத்து, ஸ்பூனில் கொடுங்கள். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஜெல்லி ஊற்றும்போது சூடான கலவை கையில் பட்டால் தண்ணீரைப் போல வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு சுடும், குழந்தைகளை அடுப்படியில் விடாதீர்கள்.

‘சீ மாஸ் ஜெல்’ என்று பாசியை அப்படியே அரைத்து தினம் இரண்டு ஸ்பூன் சாப்பிடச் சொல்கிறார்களே, அது இந்தக் கணக்கில் வராது. அது சுத்திகரித்த பொடி இல்லை, முழுப் பாசி. அயோடின் எவ்வளவு இருக்கும் என்பது பாசிக்குப் பாசி, கடலுக்குக் கடல் மாறும், கன உலோகங்களும் சேர்ந்து வரலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கடைசியாக, வைப்பதும் மாற்றும்

பொடி ஈரத்தை இழுக்கும். காற்றுப்புகாத டப்பாவில், வகையின் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள். கப்பாவும் அயோட்டாவும் வெள்ளைப் பொடிதான், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தரையில் சிந்தினால் ஈரத்துணி போடாமல் உலர்வாகக் கூட்டி எடுங்கள், நனைந்தால் வழுக்கும்.

கேரஜீனன் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு வழிகள் உண்டு. வெட்டும் ஜெல்லிக்குச் சைனா கிராஸ் போதும், அதுவும் பாசிதான், விறைப்பு கொஞ்சம் கூடும். புட்டிங்குக்குச் சோளமாவு. புளிப்புப் பழ ஜெல்லிக்குப் பெக்டின் (440). பாதாம் பால், ஓட்ஸ் பால் வாங்கும்போது ஜெல்லன் கம் (418) போட்ட பிராண்டைத் தேடலாம், பல கம்பெனிகள் அதற்கு மாறிவிட்டன. சாக்லேட் பாலுக்கு மாற்றே தேவையில்லை, குடிக்கும் முன் பாட்டிலைக் குலுக்கினால் சரி.